நிற்கும் என்ற நம்பிக்கை

மோட்டார் வாகன ஆய்வாளர் என்பது அரசு வைத்த பெயர். தமிழ்நாட்டில் லாரி, வேன் வைத்திருப்பவர்கள் நெடுங்காலமாக அவரை ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்றுதான் சொல்லிவருகிறார்கள். அவர் பார்ப்பது பிரேக்கை மட்டுமல்ல. முகப்பு விளக்கு, டயர், ஸ்டியரிங், ஹாரன், வைப்பர், பாடி, புகை, பின்புறம் ஒட்டிய ஒளிரும் பட்டை எல்லாமே அவர் கண்ணுக்குத் தப்பக் கூடாதவை. ஆனாலும் மக்கள் பிரேக்கைத்தான் பெயராக்கினார்கள். அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வண்டி ஓடுகிறதா என்று சொல்ல வெளியாள் தேவையில்லை; ஓடாத வண்டி காசு தராது என்பதால் உரிமையாளரே அதை முதலில் கவனித்துவிடுவார். நிற்குமா என்று பார்க்கத்தான் இன்னொருவர் வேண்டும், ஏனென்றால் நிற்காத வண்டியால் சாகப்போகிறவர் பெரும்பாலும் அதன் உரிமையாளர் அல்ல. எஃப்.சி. என்று நாம் சுருக்கிச் சொல்லும் தகுதிச் சான்றைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கட்டணம், கெடு, அபராதம் என்றே பேச்சு போகிறது. எனக்கு அது அடிப்படையில் ஓர் அறக்கேள்வியாகப் படுகிறது. ‘என் வண்டி நிற்கும்’ என்று நான் நம்புகிறேன். அப்படி நம்ப எனக்கு உரிமை உண்டா? அந்த உரிமை எங்கிருந்து வருகிறது? நம்பிக்கை என்பது மனத்துக்குள் தானாக நிகழ்வது, அதில் சரி என்ன தவறு என்ன என்று கேட்கத் தோன்றலாம். தவறு இருக்கிறது என்பதே என் வாதம்.

இந்தக் கேள்வியை வேறெவரையும்விடக் கூர்மையாகக் கேட்டவர் வில்லியம் கிங்டன் கிளிஃபோர்ட் என்ற ஆங்கிலக் கணிதவியலாளர். நம்பிக்கையின் அறம் பற்றி 1877-இல் அவர் வெளியிட்ட கட்டுரை ஒரு கப்பல் முதலாளியோடு தொடங்குகிறது. குடிபெயர்ந்து போகும் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் புறப்படக் காத்திருக்கிறது. பழைய கப்பல்; பலமுறை பழுது பார்க்கப்பட்டது. கடலில் தாங்குமா என்ற ஐயம் முதலாளியின் மனத்தை அரிக்கிறது. முழுவதும் சோதித்துச் சரிசெய்தால் பெரும் செலவாகும். எத்தனையோ புயலைத் தாண்டி வந்த கப்பல்தானே, ஏழைக் குடும்பங்களைக் கடவுள் கைவிட மாட்டார் என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லி ஐயத்தை அடக்கிவிடுகிறார். கடைசியில் உண்மையாகவே நம்பிவிடுகிறார். மனநிறைவோடு கையசைத்து வழியனுப்புகிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. காப்பீட்டுத் தொகை அவர் கைக்கு வருகிறது. அவர் பொய் சொல்லவில்லை, மனமார நம்பினார். ஆனாலும் அத்தனை சாவுக்கும் அவரே பொறுப்பு என்கிறார் கிளிஃபோர்ட், ஏனென்றால் அந்த நம்பிக்கையை அவர் விசாரித்துப் பெறவில்லை, ஐயத்தின் வாயை அடைத்துப் பெற்றார். இது வெறும் கற்பனைக் கதையாக அன்று யாருக்கும் பட்டிருக்காது. சாமுவேல் பிலிம்சாலின் நீண்ட போராட்டத்துக்குப் பின், கப்பலின் பக்கவாட்டில் பாரக்கோடு இடவேண்டும் என்ற பிரிட்டிஷ் சட்டம் வந்தது 1876-இல். கிளிஃபோர்டே 1870-இல் சூரிய கிரகணம் பார்க்கப் போன பயணத்தில் சிசிலிக் கரையருகே கப்பல் உடைந்து உயிர் தப்பியவர்.

கதையின் அடுத்த திருப்பம்தான் முக்கியமானது. அந்தக் கப்பல் மூழ்காமல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தால் முதலாளியின் குற்றம் குறையுமா? ஒரு துளியும் குறையாது என்கிறார் அவர். செயல் செய்யப்பட்ட கணத்திலேயே அதன் தன்மை முடிவாகிவிட்டது. பிறகு கடல் என்ன செய்தது என்பது வேறு கணக்கு. நம் ஊர் வழக்கத்துக்கு இது முரணாகத் தோன்றும். ‘பத்து வருஷமா ஓட்டுறேன், ஒண்ணும் ஆகலையே’ என்பது நாம் அன்றாடம் கேட்கும் வாதம். ஒன்றும் ஆகவில்லை என்றால் என்ன தவறு? இந்த எதிர்வாதத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் நம் நீதியுணர்வே விளைவைப் பார்த்துத்தான் கொதிக்கிறது. 1976-இல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் இருவரும் அறத்தில் தற்செயலின் பங்கைப் பற்றி விவாதித்தார்கள். அப்போது நேகல் எடுத்துக்கொண்ட ஓர் எடுத்துக்காட்டு, பிரேக்கைச் சோதிக்காமல் விட்டுவிட்ட ஓட்டுநர். சாலையில் குழந்தை குறுக்கே ஓடிவந்தால் அவர் வாழ்நாளெல்லாம் குற்றவுணர்வில் வெந்துபோவார். குழந்தை வராவிட்டால் தான் எதையும் தவறவிட்டதாகவே அவருக்குத் தோன்றாது. சோதிக்காமை இரண்டு நிலையிலும் ஒன்றே. வேறுபாடு, குழந்தை வந்ததா வரவில்லையா என்பது மட்டும். அது அவர் கையில் இல்லை.

இந்தப் புதிரை ஐரோப்பியர்கள் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். சமணம் இதற்கு வெகு காலம் முன்பே ஒரு விடை சொல்லிவிட்டது, அந்த விடை தமிழ் மண்ணிலும் வேர் பிடித்திருந்தது. உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது, உயிர் போவது என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. அசட்டையான செயலால் உயிரைப் பிரிப்பது என்கிறது. பிற்காலத்தில் அமிர்தசந்திரர் இதை இன்னும் நெருக்கிப் பிடித்தார். அசட்டை இருந்தால், உயிர் போனாலும் போகாவிட்டாலும் இம்சை நிகழ்ந்துவிட்டது. முழுக் கவனத்தோடு நடந்தவன் காலடியில் ஓர் உயிர் மடிந்தாலும் அவனுக்கு இம்சை இல்லை. கிளிஃபோர்ட் சொன்னதும் இதுவே, ஆனால் சமணம் அதை நடைமுறையாக்கியது. திகம்பரத் துறவி மயிற்பீலியால் இடத்தைத் துடைத்த பிறகே உட்காருகிறார். ஒரு பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் பார்க்க வேண்டும் என்பது அவருக்கு விதி. நடக்கும்போது எதிரே சில முழத் தொலைவைப் பார்த்தே அடி வைக்கிறார். சோதித்துவிட்டு நகர்வது அங்கே நோன்பாகவே இருக்கிறது. அந்த அசட்டைக்கு எதிரான குணத்துக்குத் தமிழில் ஒரு முழு அதிகாரமே உண்டு. திருக்குறளின் 54-ஆம் அதிகாரத்தின் பெயர் பொச்சாவாமை. மறதிக்கு இடங்கொடாமை, மகிழ்ச்சியில் மிதந்து கடமையை நழுவவிடாமை என்று அதற்குப் பொருள். வள்ளுவர் அதை அரசியல் பகுதியில், பிறர் உயிர் தன் கையில் இருக்கிற ஒருவனைப் பார்த்துச் சொல்கிறார் என்பது கவனிக்கத் தக்கது. நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு தொப்பூர் கணவாய் இறங்கும் பேருந்தின் உரிமையாளர் அந்த அளவில் ஓர் அரசர்தான்.

இப்போது கடவுள் நம்பிக்கையைப் பற்றிப் பேச வேண்டும். சென்னைப் பல்லவன் சாலையில் இருக்கும் பாடிகாட் முனீஸ்வரர் கோயிலுக்குப் புது வண்டி வாங்கியவர்கள் வந்து பூஜை போடுகிறார்கள். ஆயுத பூஜையன்று தமிழ்நாட்டின் ஒவ்வொரு ஒர்க்ஷாப்பிலும் வண்டிக்குச் சந்தனம், குங்குமம், மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். இதை மூடநம்பிக்கை என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வண்டி ஆளைக் கொல்லக்கூடிய பொருள் என்ற அச்சமும், அதை ஓட்டும் கை தன்னிச்சையானது அல்ல என்ற பணிவும் அந்தச் சடங்குக்குள் இருக்கின்றன. ஆயுத பூஜையின் முதல் வேலையே கருவியைக் கழுவித் துடைத்து, ஒரு நாள் வேலை வாங்காமல் எதிரே வைத்துப் பார்ப்பது. அதைச் சரியாகச் செய்தவர் கண்ணுக்கு வெடித்த டயரும் ஒழுகும் பிரேக் ஆயிலும் தப்பாது. சிக்கல் வேறிடத்தில் வருகிறது. ‘சாமி பார்த்துக்கும்’ என்ற வாக்கியம் சோதனைக்குப் பின் வந்தால் பக்தி. சோதனைக்குப் பதிலாக வந்தால் கப்பல் முதலாளியின் வாக்கியம்.

இந்த எல்லைக்கோட்டை வரைய, கிளிஃபோர்டை மறுத்தவரே உதவுகிறார். 1896-இல் வில்லியம் ஜேம்ஸ், சான்று போதாத இடத்தில் நம்புவதே தவறு என்ற கிளிஃபோர்டின் கண்டிப்பை எதிர்த்தார். வாழ்க்கையில் சில கேள்விகள் சான்றைக் கொண்டு முடிவு செய்ய இயலாதவை. அதேசமயம் முடிவெடுக்காமல் தள்ளிப்போடவும் இயலாதவை. அங்கே நெஞ்சம் தேர்ந்துகொள்ள உரிமை உண்டு என்பது அவர் வாதம். இறைவன் உண்டா, இந்த வாழ்வுக்குப் பொருள் உண்டா போன்ற கேள்விகளுக்கு அது பொருந்தும் என்றே நானும் நினைக்கிறேன். பிரேக் அந்த வகைக் கேள்வி இல்லை. முன்சக்கரங்களை உருளைகள் மேல் ஏற்றி மிதித்தால், இடது சக்கரம் எவ்வளவு பிடிக்கிறது, வலது எவ்வளவு பிடிக்கிறது என்று சில நிமிடத்தில் எண்ணாகவே தெரிந்துவிடும். விடை எட்டும் தூரத்தில் இருக்கும்போது நம்பிக்கையைக் கொண்டு அந்த இடத்தை நிரப்புவது நம்பிக்கைக்கே இழுக்கு. ஆகவே, கிளிஃபோர்டும் ஜேம்ஸும் எவ்வளவு மோதினாலும், எஃப்.சி. முடிந்த வேனின் விஷயத்தில் இருவரும் ஒரே பக்கம்தான் நிற்பார்கள்.

சோதிக்க வேண்டும் என்பது சரி. யாரிடம், எங்கே? நம்மில் பெரும்பாலோர் பிரேக் டிரம்மைத் திறந்து பார்த்துப் புரிந்துகொள்ள மாட்டோம். இன்னொருவர் சொல்லைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. சைவ சித்தாந்தம் அறிவுக்கு வழியாகக் காட்சி, கருதல், உரை என்று மூன்று அளவைகளை வைத்தது. தகுதிச் சான்று மூன்றாவது வகை. உரை எப்போது அறிவாகும் என்பதை நியாய மரபு ஆழமாக ஆராய்ந்தது. சொல்பவர் ஆப்தராக இருக்க வேண்டும், அதாவது பொருளைத் தாமே நேரில் அறிந்திருக்க வேண்டும், அறிந்ததை அறிந்தபடி சொல்ல விரும்ப வேண்டும். வாத்ஸ்யாயனர் நியாய சூத்திரத்துக்கு எழுதிய உரையில் இந்தத் தகுதி முனிவருக்கு மட்டும் உரியதல்ல, அயல்நாட்டாருக்கும் பொருந்தும் என்று திறந்த மனத்தோடு எழுதினார். மோட்டார் வாகன ஆய்வாளருக்கும் பொருந்தும் என்று நாம் சேர்த்துக்கொள்ளலாம். இந்த இரண்டு நிபந்தனைகளையும் கையில் வைத்துக்கொண்டு இன்றைய விதிகளைப் படித்தால் அவற்றின் உட்பொருள் விளங்குகிறது. மைதானத்தில் வண்டியை ஓட்டவைத்து, பிரேக் பிடிக்கச் சொல்லி, கண்ணால் பார்த்துச் சான்று கொடுப்பது நெடுநாள் வழக்கம். 2021 செப்டம்பரில் மத்திய அரசு அறிவித்த தானியங்கிச் சோதனை நிலைய விதிகள் பிரேக், முகப்பு விளக்கு, சஸ்பென்ஷன், புகை முதலியவற்றைக் கருவியே அளந்து, முடிவு மனிதக் கை படாமல் கணினிக்குப் போக வேண்டும் என்கின்றன. இது முதல் நிபந்தனைக்கான ஏற்பாடு. சோதனை நிலையம் நடத்துகிறவர் அங்கே பழுதுபார்ப்போ உதிரிபாக விற்பனையோ செய்யக் கூடாது என்றும் அதே விதிகள் சொல்கின்றன. இது இரண்டாவது நிபந்தனைக்கானது. உங்கள் வண்டி தேறாவிட்டால் லாபம் அடைகிறவர் தேறவில்லை என்று சொன்னால், அந்தச் சொல்லில் கறை படிகிறது. பிரிட்டனில் எம்.ஓ.டி. என்ற வாகனத் தகுதிச் சோதனையைப் பழுதுபார்க்கும் கராஜ்களே பெரும்பாலும் செய்கின்றன. ஆனாலும் அங்கே நகராட்சிகள் தங்கள் வண்டிகளுக்காக நடத்தும் சோதனை நிலையங்கள் பழுதுபார்ப்பில் இறங்காமல் பொதுமக்களுக்கும் திறந்திருப்பதால், விவரம் தெரிந்தவர்கள் அவற்றைத் தேடிப் போகிறார்கள். பக்கத்தில் எந்த நிலையம் இருக்கிறது என்று தேடுகிறவர் தூரத்தோடு சேர்த்து இதையும் விசாரிக்க வேண்டும்: நான் தேறினாலும் தவறினாலும் இவருக்கு ஒன்றுதானா?

ஆனால் மிக நல்ல உரையும் ஓர் எல்லைக்குள்தான் உண்மை. 2012 ஜூலையில் தாம்பரத்தை அடுத்த பகுதியில், பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சக்கரத்தில் சிக்கி இறந்தாள். அந்தப் பேருந்துக்கு அண்மையில்தான் தகுதிச் சான்று வழங்கப்பட்டிருந்தது. சான்றும் இருந்தது, ஓட்டையும் இருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. பள்ளி வாகனங்களுக்கென்றே தனி விதிகளைத் தமிழக அரசு அதே ஆண்டில் கொண்டுவந்தது. இன்று ஒவ்வொரு மே மாதமும் பள்ளி திறக்கும் முன் மைதானங்களில் பேருந்துகளை வரிசையாக நிறுத்தித் தரைப்பலகை, அவசர வழி, படிக்கட்டின் உயரம், முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான் என்று பார்ப்பதற்குப் பின்னால் அந்தக் குழந்தையின் சாவு இருக்கிறது. அந்தச் செய்தியைப் படிப்பவர்கள் பலரும் சான்று கொடுத்தவரின் குற்றத்தோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் அந்தத் தரையை நாள்தோறும் பார்த்தவர்கள் வேறு சிலர். காலையில் பேருந்தைப் பெருக்கியவர், ஓட்டியவர், பராமரிப்பைப் பார்த்தவர். சான்றிதழ் எதையாவது செய்தது என்றால், அவர்கள் கண்ணால் கண்டதை அவர்களே நம்பாதபடி செய்தது. எஃப்.சி. இருக்கிறதே என்ற எண்ணம், கிளிஃபோர்டின் முதலாளி தனக்குச் சொல்லிக்கொண்ட ஆறுதலின் அரசாங்க முத்திரை பதித்த வடிவம்.

பிரிட்டிஷ் சட்டம் இந்த இடத்தில் தெளிவாக இருக்கிறது. எம்.ஓ.டி. சான்று கையில் இருந்தாலும் ஆபத்தான நிலையில் உள்ள வண்டியை ஓட்டினால் 2,500 பவுண்டு வரை அபராதம். அந்தச் சோதனை எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் நிலையைப் பார்ப்பதே இல்லை. சோதித்த நாளில், சோதித்த பாகங்கள், குறைந்தபட்ச அளவைத் தாண்டின என்பது மட்டுமே அதன் உரை. 2018 முதல் அங்கே குறைகளை ஆபத்தானது, பெரியது, சிறியது என்று பிரித்து எழுதுகிறார்கள். இன்னும் குறையாகாத, ஆனால் கவனிக்க வேண்டிய தேய்மானத்தை அறிவுரையாகத் தனியே குறித்துத் தருகிறார்கள். இந்த அறிவுரைக் குறிப்பு எனக்கு விவிலியத்தின் ஒரு பழஞ்சட்டத்தை நினைவூட்டுகிறது. யாத்திராகமம் 21-ஆம் அதிகாரத்தில், மாடு ஒருவரை முட்டிக் கொன்றால் மாட்டுக்காரர் குற்றமற்றவர். ஆனால் அது முட்டுகிற மாடு என்று முன்பே எச்சரிக்கப்பட்டும் கட்டிவைக்காமல் விட்டிருந்தால், அந்தச் சாவு அவர் தலைமேல் விழும். முன்பக்க டயர் தேய்ந்துவருகிறது என்று காகிதத்தில் வாங்கிக்கொண்டவர் எச்சரிக்கப்பட்ட மாட்டுக்காரர். சோதனை அவருக்குப் பாதுகாப்புக் கவசம் ஆகவில்லை, அவர் அறியாமையைப் பறித்துக்கொண்டது. சோதனையின் அறப்பயன் என்று நான் கருதுவது இதைத்தான்.

இதற்கு எதிராக மூன்று குரல்கள் எழும். விபத்துகளில் பெரும்பங்கு ஓட்டுநரால் நிகழ்வது, அரசின் ஆண்டறிக்கைகளிலேயே அதிவேகம்தான் முதலிடத்தில் இருக்கிறது, அப்படியிருக்க வண்டியைப் போட்டு ஏன் படுத்த வேண்டும் என்பது ஒன்று. அறிக்கை சொல்வது உண்மை. ஆனால் தேய்ந்த டயரோடு ஓடிய வண்டி மழையில் வழுக்கினாலும் காவல்துறைக் காகிதத்தில் அது வேகமாகவே பதிவாகக்கூடும். காரணங்கள் ஒன்றையொன்று விலக்குவதில்லை. அதைவிட முக்கியம், ஓட்டுநரின் தவறு கண நேரத்தில் நேர்வது, அவரே பின்னர் நொந்துகொள்வது. பழுதான பிரேக்கோடு வண்டியை அனுப்பும் முடிவோ ஆற அமர எடுக்கப்படுவது. இரண்டாவது குரல், எல்லாம் காசு கொடுத்தால் கிடைக்கிறது, எஃப்.சி.க்கு மட்டும் இரவல் டயர் மாட்டிப் புது பெயின்ட் அடித்துக் கொண்டுபோகிறார்கள், ஆகவே இந்தச் சோதனையே பொய் என்கிறது. போலிச் சான்று இருப்பதால் சான்றே வேண்டாம் என்பது, கள்ள நோட்டு இருப்பதால் பணமே வேண்டாம் என்பதைப் போன்றது. இரவல் டயர் மாட்டுகிறவர் ஏமாற்றுவது ஆய்வாளரை என்று நினைக்கிறார். மறுநாள் பழைய டயரை மாட்டிக்கொண்டு கிளம்பும் வண்டியில் ஆய்வாளர் ஏறுவதில்லை.

மூன்றாவது குரலுக்குத்தான் நான் தலைகுனிகிறேன். ஒரு லோடு ஆட்டோவை வைத்துக் குடும்பம் நடத்துகிறவருக்கு எஃப்.சி. என்பது சிறிய வேலை இல்லை. டிங்கர் வேலை, பெயின்ட், டயர், காப்பீடு, புகைச்சான்று, கட்டணம், கூடவே வண்டி ஓடாத நாட்களின் வருமான இழப்பு. புது வண்டிக்கு முதலில் 2 ஆண்டு, 8 வயது வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும் என்ற விதியில், வண்டி பழசாகி வருமானம் குறையும் காலத்தில்தான் செலவு அடிக்கடி வருகிறது. கப்பல் முதலாளி பேராசையால் ஐயத்தை அடக்கினார். இவர் பசியால் அடக்குகிறார். இருவரையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமில்லை. ஆனால் சாலையைக் கடக்கும் முதியவருக்கு, தன்மேல் ஏறுவது பேராசையின் வண்டியா வறுமையின் வண்டியா என்பதில் வேறுபாடு இல்லை. ஆகவே சோதனையைத் தளர்த்துவது விடையாகாது. பாரத்தை இடம் மாற்றுவதே விடை. சோதனை நிலையம் பக்கத்தில் இருக்க வேண்டும், முன்பதிவு செய்த நேரத்தில் வேலை முடிய வேண்டும், தேறாத வண்டிக்கு எந்தக் குறை என்று எழுத்தில் கிடைக்க வேண்டும், டயருக்கும் பிரேக்குக்கும் சிறு கடன் எளிதாகக் கிடைக்க வேண்டும். நேர்மையாக இருக்க ஒருநாள் கூலியைப் பறிகொடுக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை வைத்துக்கொண்டு ஏழையிடம் நேர்மையைக் கேட்கும் அரசுக்கும் அந்த அசட்டையில் பங்குண்டு.

இவ்வளவும் மஞ்சள் பலகை வண்டிகளைப் பற்றி. சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தமக்குத் தொடர்பில்லை என்று கடந்துவிடக்கூடும், சட்டமும் அவர்களுக்கு இடம் கொடுக்கிறது. பதிவு செய்த நாளிலிருந்து 15 ஆண்டு வரை தனியார் காரைச் சட்டம் தகுதிச் சோதனைக்கு அழைப்பதில்லை. புகைச்சான்று மட்டும் கேட்கிறது. புகைக்குழாயிலிருந்து என்ன வருகிறது என்று கேட்கும் சட்டம், பிரேக் பிடிக்கிறதா என்று அந்த 15 ஆண்டில் ஒருமுறைகூடக் கேட்பதில்லை. பிரிட்டனில் காருக்கு 3 வயதானதும் ஆண்டுதோறும் கேட்கிறார்கள். இங்கே அந்த நீண்ட இடைவெளி முழுவதும் பிரேக் இன்ஸ்பெக்டரின் வேலை உரிமையாளரிடமே விடப்பட்டிருக்கிறது. டயரின் பள்ளத்தில் விரல் வைத்துப் பார்ப்பது, கை பிரேக்கை இழுத்துச் சரிவில் நிறுத்திப் பார்ப்பது, இருட்டில் சுவருக்கு எதிரே காரை நிறுத்தி இரண்டு விளக்கும் ஒரே உயரத்தில் விழுகின்றனவா என்று பார்ப்பது, பிரேக் விளக்கு எரிகிறதா என்று பின்னால் ஒருவரை நிற்கச் சொல்லிக் கேட்பது, இவற்றுக்கெல்லாம் எந்தச் சட்டமும் கெடு வைக்கவில்லை. மயிற்பீலியைக் கையில் எடுக்கும் துறவிக்கும் யாரும் கெடு வைத்ததில்லை.